மணிக்கட்டு வரை

"புனிதர்களுக்கு ஏன் நிழலே விழுறதில்ல?"

மரீனோஸ் இதைக் கேட்டபோது அவனுக்கு ஆறு வயது. சாந்தே என்ற கிரேக்கத் தீவில், கடலைப் பார்த்த சரிவில் இருக்கும் எங்கள் ஊர்க் கோயிலில், பூசை நடந்துகொண்டிருக்கும்போதே எல்லோர் காதிலும் விழும்படி கேட்டுவிட்டான். அப்பா காதைத் திருகினார். பூசை முடிந்ததும் பாதிரியார் அவனைக் கூப்பிட்டு, சுவரில் இருந்த பழைய படங்களைக் காட்டினார்.

"அங்க வெளிச்சம் ஒரு பக்கத்துலேருந்து வர்றதில்ல தம்பி. எல்லாப் பக்கத்துலேருந்தும் வருது. அப்புறம் நிழல் எங்க போய் விழும்?"

பையனுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. பதினைந்து வருடம் கழித்து ஊர்ப் பெரியவர்களுக்குத்தான் அது போதாமல் போயிற்று. வெனிஸிலிருந்து வந்த கப்பல்கள் புது மாதிரிப் படங்களைக் கொண்டுவந்து இறக்கின. பக்கத்து ஊர்க் கோயிலில் அப்படியொரு படவரிசை ஏறியது. அதில் மாதாவின் மூக்குக்குக் கீழே கூட நிழல் இருந்தது. திருவிழாவுக்குப் போய்வந்த எங்கள் ஊர்ப் பெண்கள் நம் கோயில் படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட ஆரம்பித்தார்கள்.

மரீனோஸ் அதற்குள் பலகையில் முட்டைக் கருவைக் குழைத்துப் படம் எழுதும் வேலையில் தேறியிருந்தான். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். இவனை இரண்டு வருடம் வெனிஸுக்கு அனுப்புவது, புது முறையைப் படித்துக்கொண்டு, சிங்காசனத்தில் வீற்றிருக்கும் ஆண்டவரை அங்கேயே ஒரு படமாக எழுதி எடுத்துவருவது. படம் பிடித்துப்போனால் கோயிலின் மொத்தப் படவரிசையும் அவனுக்கு. பிடிக்காவிட்டால் அண்ணனோடு திராட்சைத் தோட்டம்.

கூட ஒரு நிபந்தனையும் போட்டார்கள். போப்பாண்டவரின் லத்தீன் சபை நடக்கும் வெனிஸில், நம் கிரேக்கச் சபைக்கென்று இருக்கும் கோயிலின் குருவானவர் படத்தைப் பார்த்துச் சரியென்று சொன்ன பிறகுதான் அது கப்பலேற வேண்டும்.

"பையன் நிழல் படிச்சுட்டு வரட்டும்," என்றார் கூட்டத்தில் மூத்தவர். "லத்தீன்காரனா மாறிட்டு வர வேணாம்."

*

வெனிஸில் விதால் என்பவரின் பட்டறையில் அவனுக்கு இடம் கிடைத்தது. வாய்க்காலை ஒட்டிய தரைத்தளம். சுவரெல்லாம் ஈரம் ஏறி, ஆளி எண்ணெயும் பாசியும் சேர்ந்த ஒரு வாடை எப்போதும் இருக்கும். கோயில்களுக்குப் பெரிய பெரிய படங்கள் அங்கிருந்து போயின. ஒரு படத்தை ஒரே ஆள் எழுதுவதில்லை. முகங்களை முதலாளி மட்டும் தொடுவார். மேகமும் மரமும் ஒருவனுக்கு. கையும் காலும் போர்த்தொலோ என்பவனுக்கு. புதிதாக வந்த மரீனோஸுக்கு ஆடையின் மடிப்புகளுக்குள் விழும் நிழலைக் கொடுத்தார்கள்.

அவன் கேட்டு வந்தது அதைத்தான், ஆகவே முதலில் சந்தோஷமாகவே செய்தான். ஒரு குளிர்காலம் போயிற்று. கோடை வந்து வாய்க்கால் நாறியது. மறுபடி குளிர் வந்தது. அவன் இன்னும் மடிப்புகளுக்குள்ளேயே இருந்தான். எத்தனையோ அப்போஸ்தலர்களின் முழங்காலுக்குக் கீழே இருட்டைப் பூசினான். யாருடைய முகத்தையும் தொடவில்லை. யாருடைய விரலையும் தொடவில்லை. சாயங்காலம் அறைக்குத் திரும்பிப் படுத்தால், கண்ணை மூடியதும் பழுப்பும் கறுப்புமாக மடிப்புகள் வந்து நிற்கும். ஜெபம் சொல்லத் தொடங்கி, பாதியிலேயே தூங்கிப்போவான்.

பட்டறையில் அவனுக்கு 'நிழல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தவன் போர்த்தொலோ. பெரிய தோள், உடைந்த மூக்கு, முப்பது வயது. நாள் முழுக்க வாய் ஓயாது.

"டேய் நிழலு, உங்க தீவுல வெயிலடிக்காதா? இங்க வந்து இருட்டு படிக்கிற?"

"அடிக்கும். உன் மூக்கு மாதிரி கோணலா இல்ல, நேரா அடிக்கும்."

"பாரு, பேச்சு மட்டும் நல்லா வருது கிரேக்கனுக்கு."

மக்காச்சோளக் களியைத் தட்டில் அறுத்துத் தின்னும்போது பெரிய துண்டாக எடுத்துக்கொள்வதும், மரீனோஸின் தூரிகைகளை எடுத்துவிட்டுக் கழுவாமல் வைப்பதும் அவன் வழக்கம். ஆனால் அவன் கைகளை எழுதுவதை மரீனோஸ் ஓரக்கண்ணால் பார்ப்பான். பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, ஒரு விரல் எலும்பு தோலுக்கடியில் இருப்பதை நாலு தீற்றலில் கொண்டுவந்துவிடுவான். பார்த்தால் அந்தக் கையைப் பிடித்து முத்தமிடத் தோன்றும்.

*

மரீனோஸ் தங்கியிருந்தது மெனெகா என்ற விதவையின் வீட்டு மாடியில். கீழே அவள் மீன் பொரித்து விற்பாள். மாடி ஜன்னலோரம் அவன் தன் துணிச்சட்டத்தை நிறுத்தி, பட்டறை இல்லாத நேரங்களில் ஆண்டவரை எழுதிவந்தான். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில்.

"ஞாயித்துக்கிழமை வேலை பாக்குறியே, பாவமில்லையா?" என்பாள் மெனெகா.

"ஆண்டவரைத்தானேம்மா எழுதுறேன்."

"அவருக்கும் ஒரு நாள் ஓய்வு வேணாமா? எப்பப் பாத்தாலும் உன் முன்னாடியே உக்காந்திருக்கணுமா?"

இரண்டாவது இலையுதிர்காலம் வந்தபோது படம் ஏறக்குறைய முடிந்திருந்தது. சிங்காசனம், நீல மேலங்கி, மடியில் திறந்த வேதபுத்தகம். மடிப்புகள் நன்றாக வந்திருந்தன. அதில் அவனுக்குப் போதிய பழக்கம் இருந்ததே. முகத்தைப் பயந்து பயந்து எழுதி முடித்தான். ஆசீர்வதிக்கும் வலது கை மட்டும் பாக்கி. கரியால் மணிக்கட்டு வரை கோடு போட்டு, அதற்கு மேல் போகத் தைரியமில்லாமல் நிறுத்தியிருந்தான். புது முறையில் ஒரு கையை அவன் எழுதியதே இல்லை. நவம்பர் பிறந்ததும் ஊருக்குப் போகும் கப்பலில் இடம் பேசியாகிவிட்டது.

அப்போது காய்ச்சல் வந்தது. ஒரு நாள் பட்டறையில் நின்றபடியே பற்கள் தந்தியடித்தன. போர்த்தொலோதான் அவனைத் தோளில் சாய்த்துக் கொண்டுவந்து மாடியில் போட்டான். அதன்பின் மரீனோஸுக்கு எதுவும் தெளிவாக ஞாபகமில்லை. மெனெகா வாயில் ஊற்றிய கஞ்சித் தண்ணீர், மீன் எண்ணெய்ப் புகை, ஜன்னலோரம் யாரோ மெல்லச் சீட்டியடிக்கும் சத்தம். 'கை முடியலை, கை முடியலை' என்று தான் பிதற்றியதை மட்டும் கனவு போல உணர்ந்தான்.

காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்தபோது முதலில் படத்தைப் பார்த்தான்.

கை இருந்தது.

உயிருள்ள கை. உள்ளங்கையில் மெல்லிய சிவப்பு, கட்டைவிரலடியில் மென்மையான சதை, விரல் நுனிகளில் ஒளி. இரண்டு வருடமாக அவன் ஓரக்கண்ணால் பார்த்தது அத்தனையும் அங்கே இருந்தது. யாருடையது என்று கேட்கத் தேவையில்லை. மரீனோஸ் படுக்கையில் உட்கார்ந்தபடியே அழுதான். பலவீனத்தில் அழுகை சுலபமாக வந்தது.

அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தபோதுதான் விரல்களைக் கவனித்தான்.

கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் நேராக நீண்டிருந்தன. மற்ற இரண்டும் உள்ளங்கையில் மடங்கியிருந்தன. வெனிஸின் எல்லாக் கோயில்களிலும் ஆண்டவர் அப்படித்தான் ஆசீர்வதிக்கிறார். போர்த்தொலோ அந்தக் கையை நூறு முறையாவது எழுதியிருப்பான். எங்கள் ஆண்டவர் அப்படி ஆசீர்வதிப்பதில்லை. அவர் விரல்கள் வளைந்தும் குறுக்கிட்டும் தம்முடைய பெயரின் எழுத்துகளையே காற்றில் எழுதும். சாந்தேயில் பால் மறக்காத குழந்தைக்கும் இந்த வித்தியாசம் தெரியும்.

*

குருவானவர் நெக்தாரியோஸ் இரண்டு நாள் கழித்து வந்தார். மாடிப்படி ஏறி மூச்சு வாங்க நின்று, கண்ணைச் சுருக்கிப் படத்தை மேலிருந்து கீழே பார்த்தார்.

"முகம் பரவாயில்ல. மேலங்கி நல்லா இருக்கு. இந்தக் கை…" குனிந்து பார்த்தார். "ரொம்ப நல்லா எழுதின கை. ஆனா யாரு இவரு? ரோமாபுரியிலேருந்து வந்தவரா?"

"தப்பா விழுந்துடுச்சு சாமி."

"நீயா எழுதின?"

மரீனோஸ் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான். குருவானவர் அவன் ஒட்டிய கன்னத்தையும் படுக்கையையும் பார்த்தார். மேற்கொண்டு கேட்கவில்லை.

"தம்பி, உங்க ஊர்க்காரங்களை எனக்குத் தெரியும். இந்தக் கையோட படம் போய் இறங்கிச்சுன்னா, படத்தைக் கோயிலுக்குள்ளயே விடமாட்டாங்க. உன்னையும்தான். கப்பல் எப்ப?"

"இன்னும் மூணு நாள்ல சரக்கு ஏத்துறாங்க."

"அதுக்குள்ள எண்ணெய்ச் சாயம் காயாதே."

"காயாது சாமி."

"என்னமோ பண்ணு. நாளன்னிக்கு வந்து பாக்குறேன்." வாசலில் நின்று திரும்பினார். "எழுதினவனுக்கு நல்ல மனசு. அது மட்டும் தெரியுது."

அவர் போன பிறகு மரீனோஸ் வெகுநேரம் படத்தின் முன் உட்கார்ந்திருந்தான். வேறு வழி எதுவும் அவனுக்குத் தோன்றவில்லை. சோர்வில் யோசனையும் ஓடவில்லை. மெல்லிய கத்தியை எடுத்தான். சாயம் மேலே ஆடை கட்டியிருந்ததே தவிர உள்ளே இன்னும் இளக்கமாக இருந்தது. சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்தான். ஒவ்வொரு விரலாகச் சுருண்டு கத்தி முனையில் வந்தது. தோல் நிறமாக வந்ததை ஒரு துணியில் துடைத்துத் துடைத்து வைத்தான். மணிக்கட்டுக்கு வந்ததும் கத்தி நின்றது. அதில் குற்றமில்லை. அதை விட்டுவிட்டான்.

கீழே போய் மெனெகாவிடம் இரண்டு முட்டையும் ஒரு பூண்டும் கேட்டான்.

"பசிக்குதா? இரு, நானே பொரிச்சுத் தரேன்."

"இல்லம்மா. கை செய்யணும்."

அவள் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பூண்டை நறுக்கி, சுரண்டிய இடத்தில் தேய்த்தான். முட்டைச் சாயம் எண்ணெய் மேல் ஒட்டிப் பிடிக்க அதுதான் உபாயம். மஞ்சள் கருவில் நிறத்தைக் குழைத்து, ஊரில் படித்த பழைய முறையில், மயிர் போன்ற கோடுகளாகப் போட்டு விரல்களைக் கட்டினான். அது போட்டவுடன் காய்ந்தது. ஆள்காட்டி விரல் நேராக. நடுவிரல் வளைந்து. கட்டைவிரலும் மோதிரவிரலும் குறுக்கே. சுண்டுவிரல் சற்றே வளைந்து. இரண்டு வருடம் நிழல் படித்தவன் ஊருக்குக் கொண்டுபோகும் கையில் நிழலே இல்லை. அவன் சிரித்திருக்கலாம். ஆனால் முதுகு வலித்தது.

குருவானவர் வந்து பார்த்தார். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "இது நம்ம கை," என்றார். "கப்பல்ல ஏத்து."

*

அன்று மத்தியானமே போர்த்தொலோ வந்தான். படியேறும்போதே குரல் வந்தது.

"டேய் நிழலு, செத்தியா இருக்கியா? நாளைக்கு முதலாளியோட பாதுவா போறேன்டா, பண்ணை வீட்டுக் கூரை எழுத. அதுக்கு முன்னாடி என் கையை ஒரு தடவை…"

படத்தைப் பார்த்தான்.

"என் கை எங்கடா?"

"சுரண்டிட்டேன்."

"ஏண்டா?"

மரீனோஸ் தன் வலது கையைத் தூக்கி, விரல்களை மடக்கிக் காட்டினான். "எங்க ஊர்ல ஆண்டவர் இப்படி. நீ எழுதினது உங்க ஊர் முறை. அதோட போனா எனக்கு வேலை கிடையாது."

போர்த்தொலோ தன் கையைத் தூக்கி அதே மாதிரி மடக்கப் பார்த்தான். மோதிரவிரல் வரவில்லை. இடது கையால் பிடித்து வளைத்துப் பார்த்தான்.

"இப்படி வச்சா சுளுக்கிக்கும்டா! உங்க ஆண்டவருக்கு நாள் முழுக்க எப்படி முடியுது?"

"பழக்கம்."

"முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நான் காய்ச்சல்ல கிடந்தேன் போர்த்தொலோ."

"ஆமா. பொணம் மாதிரி கிடந்த." அவன் முக்காலியை இழுத்துப் போட்டுப் படத்தின் முன் உட்கார்ந்தான். சிரிப்பு போயிருந்தது. "என் ஆயுசுலயே அப்படி ஒரு கை வந்ததில்லடா. முதலாளி படத்துல வேகமா அடிச்சுவிட்டுப் போயிடுவேன். இது எனக்கே… சரி விடு."

"மன்னிச்சுக்கோ."

"எதையாவது விட்டு வச்சியா?"

"மணிக்கட்டு. மணிக்கட்டு வரைக்கும் உன்னோடதுதான்."

போர்த்தொலோ குனிந்து, மூக்கு துணியில் படும் அளவுக்கு அருகே போய்ப் பார்த்தான்.

"மணிக்கட்டு நல்லா இருக்கு," என்றான். எழுந்து, மரீனோஸின் தலைமுடியைக் கலைத்துவிட்டு, "ஊருக்குப் போய்ச் சாப்பிடு. காத்தடிச்சா பறந்துடுவ போலிருக்க," என்று சொல்லிப் படியிறங்கிப் போனான். கீழே மெனெகாவிடம் ஒரு மீன் துண்டைப் பிடுங்கியதும் அவள் கத்தியதும் கேட்டன.

*

புறப்படும் காலையில் மெனெகா அவன் மூட்டையில் ரொட்டி கட்டி வைத்தாள். இரண்டு ஆட்கள் படத்தைப் போர்வை சுற்றித் தூக்கிப் படகுக்குக் கொண்டுபோனார்கள். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"உனக்கு ஒண்ணு தெரியுமா? நவம்பர் ஒண்ணு, ரெண்டு, கல்லறைத் திருநாளுக்குப் பட்டறை மூடுவாங்கல்ல. அந்த ரெண்டு நாளும் அவன் இங்கதான் இருந்தான். காலையிலேருந்து வெளிச்சம் போறவரைக்கும்."

"யாரு? போர்த்தொலோவா?"

"பின்ன? வருஷா வருஷம் அந்த நாளைக்கு மலமோக்கோ தீவுக்குப் போவான். அவன் அம்மா ஓர்சொலாவை அங்கதான் புதைச்சிருக்கு, கோயிலுக்குப் பின்னால, காயல் பக்கத்துச் சுவரோரம். கல்லு கூட இல்ல, ஒரு மரச்சிலுவைதான். போய்ப் புல்லைப் பிடுங்கி, மெழுகுவத்தி ஏத்தி, கொஞ்ச நேரம் அவளோட சண்டை போட்டுட்டு வருவான். உயிரோட இருந்தப்பவும் அதான் பண்ணினாங்க ரெண்டு பேரும். ஒரு வருஷம் தவறினதில்ல. இந்தத் தடவை ஏன்டா போகலன்னு கேட்டேன். படகு கிடைக்கலையாம். அன்னிக்கு வாய்க்கால் பூரா படகு."

மரீனோஸ் மூட்டையைக் கீழே வைத்தான். போர்த்தொலோ அப்போது பாதுவாவில், ஏதோ ஒரு கூரைக்குக் கீழே மல்லாந்து கிடந்து கைகால் எழுதிக்கொண்டிருப்பான். படகோட்டி கீழேயிருந்து சத்தம் போட்டான்.

"போப்பா," என்றாள் மெனெகா. "கப்பல் உனக்காக நிக்குமா?"

*

ஆனால் கப்பல் நின்றது. வெனிஸை விட்டு வரும் பெரிய கப்பல்களெல்லாம் மலமோக்கோ முகத்துவாரத்தில் வந்து காற்றுக்குக் காத்திருக்கும். அவர்களுக்கும் காற்று இல்லை. கடல் பாத்திரத்தில் ஊற்றிய எண்ணெய் போலக் கிடந்தது. மாலுமிகள் சூதாடினார்கள். மரீனோஸ் பாய்க்கட்டின் மேல் சாய்ந்து, கரையில் தெரிந்த கோயில் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கையைத் திருப்பி எழுதிக் கொடுக்க முடியாது. சுரண்டி எடுத்ததைத் துடைத்த துணி மெனெகாவின் அடுப்பில் எரிந்துபோயிருக்கும். அதற்காக ஒருவன் விட்டுக்கொடுத்த நாளும் போய்விட்டது.

மறுநாள் காலையில் கப்பல் தலைவர் கெராசிமோஸ் காற்றை மோந்து பார்த்துவிட்டுக் காறித் துப்பினார்.

"நவம்பர் ரெண்டாயிடுச்சு, இன்னும் நகரலை. வீட்டுல என்னைச் செத்துட்டான்னு முடிவு பண்ணியிருப்பாங்க."

"ரெண்டா? இன்னிக்குப் பதிமூணுதானே?"

"அது கரையில. கப்பல்ல நம்ம பழைய பஞ்சாங்கக் கணக்குதான். லத்தீன்காரன் எப்பவும் பதினோரு நாள் அவசரப்படுவான், உனக்குத் தெரியாதா?"

இரண்டு வருடம் கரைக் கணக்கிலேயே வாழ்ந்தவனுக்கு அது மறந்தே போயிருந்தது. அப்படியானால் அந்த இரண்டாம் தேதி இன்னும் போகவில்லை. மரீனோஸ் எழுந்து சமையல்காரனிடம் போனான். ஒரு பிடி கோதுமையும் கொஞ்சம் உலர்திராட்சையும் கேட்டான். வேகவைத்து, நீரை வடித்து, ஒரு மரக்கிண்ணத்தில் போட்டுத் திராட்சையைக் கலந்தான். இறந்தவர்களுக்காக நாங்கள் செய்வது அது. சமையல்காரன் எதுவும் கேட்கவில்லை. அவனும் தீவுக்காரன்.

"மத்தியானத்துக்குள்ள வந்துடு," என்றார் தலைவர். கரைக்குப் போகச் சின்னப் படகை இறக்கிக் கொடுத்தார்கள்.

மீனவர்கள் வலையோடு போயிருந்த நேரம். பெண்கள் வீட்டுக்குள் இருந்தார்கள். கோயில் பூட்டியிருந்தது. அவன் பின்பக்கம் போனான். காயலைப் பார்த்த சுவரோரம் கல்லறைகளெல்லாம் சுத்தமாக இருந்தன, உருகிய மெழுகும் வாடிய பூவும் கிடந்தன. கடைசியில் ஒரு சாய்ந்த மரச்சிலுவை மட்டும் புல்லுக்குள் இருந்தது. அதில் கத்தியால் கீறிய பெயர் மங்கலாகத் தெரிந்தது.

மண்டியிட்டுப் புல்லைப் பிடுங்கினான். ஈர மண் நகத்தில் ஏறியது. பலவீனத்தில் இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கினான். சிலுவையை நிமிர்த்தி, அடியில் மண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்தினான். கப்பலிலிருந்து கொண்டுவந்த தேன்மெழுகுத் திரியை நட்டு ஏற்றினான்.

இவள் லத்தீன் திருச்சபைக்காரி. தான் வேறு. தன் ஜெபம் இவளுக்குச் செல்லுமா என்று ஒரு கணம் தயங்கினான். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் படித்தவர்கள் நிறுத்தமாட்டார்கள். அவனுக்கு நின்று யோசிக்கத் தெம்பில்லை. குருவானவர் பாட வேண்டியதை மெல்லப் பாடினான், கூட்டம் பாட வேண்டிய பதிலையும் அவனே பாடினான். பெயர் வரும் இடத்தில் ஓர்சொலா என்று சொன்னான்.

"அம்மா," என்றான் பிறகு, தன் பாஷையில் அல்ல, அவள் பாஷையில். "உங்க பிள்ளை இந்த வருஷம் வரலை. என் வேலையா இருந்துட்டான். திட்டணும்னா என்னைத் திட்டுங்க."

கோதுமையை அங்கே வந்தவர்கள் எல்லோருக்கும் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும். வந்திருப்பவன் அவன் ஒருவன்தான். ஒரு வாய் தின்றான். மிச்சத்தைச் சுவரின் மேல் குருவிகளுக்காகப் பரப்பினான்.

காயல் பக்கமிருந்து லேசாகக் காற்று எழுந்தது, சுடர் சாய்ந்தது. அவன் இரண்டு கற்களைத் தேடி எடுத்துவந்து திரியின் இரு பக்கமும் நிறுத்தினான். சுடர் நிமிர்ந்து நிற்கும்வரை பார்த்திருந்துவிட்டு, காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு படகுக்கு நடந்தான்.